காற்று படும் இடத்தில் வைக்கச் சொன்னவன்

1

வளைகுடாவில் குளிர்காலம் என்றால் என்ன தெரியுமா? காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடைக்குப் போவது, பத்து மணிக்கு அதைக் கழற்றி நாற்காலியில் மாட்டுவது, சாயங்காலம் அதை மறந்துவிட்டு வீட்டுக்கு வருவது. அவ்வளவுதான். ஷார்ஜாவின் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் முப்பத்தொரு வருடமாக வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். ஜூலையில் ரேடியேட்டர் கொதித்து, பேட்டரி செத்து, டயர் வெடித்து வாசலில் வந்து நிற்கும் வண்டிகள் எல்லாம் ஜனவரியில் சாதுவாகிவிடும். "குளிர் எஞ்சினுக்கு மருந்து பாய்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். அந்த வாக்கியம் எவ்வளவு பெரிய மடத்தனம் என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் மனைவி ஜெய்னம்பு மவுத்தாகி ஒரு வருடம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை அஜ்மானில் எங்கள் வீட்டில் வருஷ ஃபாத்திஹா ஓதினோம். இந்த ஒரு வருடமும் என் ஒரே மகன் ரியாஸோடு நான் சரியாகப் பேசவில்லை. கனடாவில் இருக்கிறான். பெற்றவளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க நேரத்துக்கு வரத் தெரியாதவன் என்பது அவன் மீது என் கோபம். அவன் வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்வான். நான் "ம்" என்பேன், "இருக்கேன்" என்பேன், வைத்துவிடுவேன். கீழக்கரையில் இருக்கும் சொந்தக்காரர்களிடமும் அவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருந்தேன்.

அவனை வரவிடாமல் செய்தது நான்தான் என்பது பத்து நாளைக்கு முன்புதான் எனக்குத் தெரிந்தது.

2

வண்டி விஷயம் தெரியாதவர்களும் படிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், வயசான கடைக்காரனுக்கு இதுதான் பேசத் தெரியும்.

எஞ்சின் ஓடும்போது உள்ளே ஒரு புகை உண்டாகும். ஆயில் ஆவியும் பெட்ரோல் வாடையும் கலந்த புகை. அதை வெளியே விட்டால் ஊர் கெட்டுப்போகும் என்று ஒரு ஹோஸ் வழியாகத் திருப்பி எஞ்சினுக்கே அனுப்பி எரித்துவிடுவார்கள். அப்படி எரியும்போது வால்வுகளில் கரி படியும். அதைத் தடுக்க, அந்த ஹோஸுக்கு நடுவில் ஒரு சின்ன டப்பாவை மாட்டுவது உண்டு. நம் குடிக்கிற டம்ளர் அளவுதான் இருக்கும். உள்ளே கம்பி வலை. புகை அதில் மோதும்போது ஆயில் மட்டும் சொட்டாகக் கீழே தங்கிவிடும், சுத்தமான காற்று மேலே போய்விடும். ஏர்-ஆயில் செபரேட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும். கடையில் நாங்கள் கேட்ச் கேன் என்போம்.

பாலைவனத்தில் மணல்மேடு ஏறி இறங்குகிற பையன்கள் இதை விரும்பி வாங்குவார்கள். ஆயில் மாற்றும்போது அடியைத் திருகிக் கவிழ்த்தால் கறுப்பாக ரெண்டு ஸ்பூன் வரும். அந்த ரெண்டு ஸ்பூனும் எஞ்சினுக்குள் போகாமல் தப்பித்தது என்று அவர்களுக்கு ஒரு திருப்தி. எனக்கும்தான். மாட்டுவதற்கு ஒரு விதியும் வைத்திருந்தேன். டப்பா குளிர்ச்சியாக இருந்தால்தான் ஆவி நன்றாக இறங்கும். ஆகவே எஞ்சினின் சூடு படாமல், முன்பக்கம், கிரில்லுக்குப் பின்னால், ஓடுகிற காற்று நேராக மோதும் இடத்தில் மாட்ட வேண்டும். இந்த ஊருக்கு இது சரியான விதி. இன்றைக்கும் சரிதான்.

ரியாஸ் ஷார்ஜாவில் பிறந்தவன். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது ஊரும் இல்லை, ஊர் இல்லாமலும் இல்லை. படிப்பு முடிந்ததும் அப்பன் விசாவிலிருந்து கழற்றிவிடுவார்கள். வேலை கிடைத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் கிளம்பலாம். அவன் கனடாவுக்குப் போனான், வேலையில் சேர்ந்தான், ஃபர்ஹானாவைக் கட்டினான், மரியம் பிறந்தாள். மரியத்துக்கு ஆறு வயது. போனில் என்னைப் பார்த்து "ஹாய் கிராண்ட்பா" என்பாள். நான் தமிழில் ஏதாவது கேட்டால் அவள் உம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள். ரியாஸின் தமிழும் வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வந்தது. உம்மாவிடம் மணிக்கணக்கில் பேசுவான். என்னிடம் அவனுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது வண்டி ஒன்றுதான். "வாப்பா, பிரேக்குல ஒரு சத்தம் வருது" என்று அவன் கேட்கிற அன்றைக்கு எனக்குப் பெருநாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்டோபரில், கனடாவுக்குக் குடிபோகிற ஒரு தெரிந்த குடும்பத்திடம் அவனுக்கு ஒரு செபரேட்டரைக் கொடுத்தனுப்பினேன். கடையில் இருந்ததிலேயே நல்லது. அவன் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உட்கார்ந்து நானே மேற்பார்வை பார்த்து மாட்டவைத்தேன்.

"வாப்பா, பின்னாடி எஞ்சினை ஒட்டி இடம் இருக்கு. அங்க வைக்கவா? ஈஸியா இருக்கும்."

"பின்னாடி சூடு. முன்னாடி வை. காத்து படணும்."

"இங்க ரொம்பக் குளிரும் வாப்பா."

"குளிர்ந்தா நல்லதுதானே? நான் முப்பது வருஷமா வித்துக்கிட்டு இருக்கேன், நீ எனக்குச் சொல்றியா?"

அடுப்படியிலிருந்து ஜெய்னம்பு, "பிள்ளைய அவன் இஷ்டத்துக்குத்தான் வைக்க விடுங்களேன்" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் சிரித்துக்கொண்டே முன்பக்கம் மாட்டினான். கை எட்டாத இடத்தில் போல்ட்டை முடுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

3

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, ஜெய்னம்பு டீ போட்டுக்கொண்டிருந்தாள். "அடுப்ப அணைங்க" என்றாள். ஏன் என்று கேட்டுக்கொண்டே போனேன். அதற்குள் தரையில் கிடந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள் ஆஸ்பத்திரியில். அந்த "அடுப்ப அணைங்க" என்பதற்குப் பிறகு அவள் பேசவில்லை, கண் திறக்கவில்லை, யாரையும் அறியவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரியாஸுக்குப் போன் செய்தேன். அங்கே காலை. உடனே டிக்கெட் போட்டுவிட்டான். அவன் இருப்பது சின்ன ஊர். விமான நிலையம் மூன்று மணி நேரத் தூரம். சாயங்கால விமானத்தைப் பிடித்தால் வியாழக்கிழமை விடியும்போது இங்கே இருப்பான். எட்டு மணி நேரம் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது. "ஃபிளைட் மிஸ் ஆயிடுச்சு வாப்பா. ரோடு சரியில்ல, ஒரே ஸ்னோ. நாளைக்குத்தான் சீட் இருக்கு. வெள்ளிக்கிழமை காலையில வந்துடுவேன்" என்றான். குரல் நடுங்கியது. குற்றவுணர்ச்சி என்று நினைத்தேன்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நேரத்துக்குக் கிளம்பத் துப்பில்ல" என்றேன்.

புதன்கிழமை பிற்பகல் ஜெய்னம்பு போய்விட்டாள். அதன் பிறகு காகிதங்கள். இந்த நாட்டில் சாவதற்கும் விண்ணப்பம் உண்டு. ஆஸ்பத்திரி அறிக்கை, போலீஸ் கடிதம், தூதரகத்தில் பாஸ்போர்ட் ரத்து, விசா ரத்து, அடக்க அனுமதி. எனக்குத் தெரிந்த அரபி கடைக்கார அரபி. போலீஸ் கவுண்டரில், "மதாம் கலாஸ்" என்றேன், மனைவி முடிந்துபோனாள் என்கிற அர்த்தத்தில். அந்த அதிகாரி இரக்கமாக, "தலாக்கா?" என்று கேட்டார். இல்லை என்று கையை மேலே காட்டினேன். எழுந்து நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டார், நல்ல மனிதர். டைப்பிங் சென்டரில் மலையாளி ஒருவர் விசா ரத்துப் படிவத்தைத் தட்டிவிட்டு, பழக்க தோஷத்தில், "மேடம் வந்து கையெழுத்துப் போடணுமே" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வியாழன் காலையில் எல்லாக் காகிதமும் தயார். ஜெய்னம்புவின் அண்ணன் மகன் காதர் துபாயில் வேலை பார்ப்பவன், கூடவே இருந்தான். "மாமா, ஒரு நாள் வைப்போமே. நாளைக்கு ஜும்ஆ. ஜும்ஆவுக்கு அப்புறம் அடக்கினா ஜனமும் நிறைய வரும், ரியாஸும் வந்துடுவான்" என்றான். ஆஸ்பத்திரியிலும் வைத்திருக்க ஆட்சேபம் சொல்லவில்லை. நான்தான், "மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாது" என்றேன். மார்க்கம் பேசினேன். உள்ளே இருந்தது மார்க்கம் இல்லை, கோபம். வியாழன் அஸருக்குப் பிறகு அடக்கிவிட்டோம். கபுருக்குள் தலைமாட்டில் நான் நின்றேன். கால்மாட்டில் ரியாஸ் நிற்க வேண்டிய இடத்தில் காதர் நின்றான்.

வெள்ளிக்கிழமை காலை ரியாஸ் வந்தான். விமான நிலையத்திலிருந்து நேராகக் கபுருஸ்தானுக்குக் கூட்டிப்போனேன். மண் இன்னும் ஈரம் காயவில்லை. அவன் மண்ணில் உட்கார்ந்து கையை வைத்தான். அவனுடைய விரல் நுனிகள் வெந்தது போலச் சிவந்து தோல் உரிந்திருந்தன. பார்த்தேன், கேட்கவில்லை. அழுதுகொண்டே, "உம்மா கடைசியா எதுவும் சொன்னாங்களா வாப்பா?" என்றான்.

அப்போது நான் ஒரு பொய் சொன்னேன். "சொன்னா. வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. ரியாஸ் வந்துட்டானா, ரியாஸ் வந்துட்டானான்னு மூணு தடவ கேட்டா. அப்புறம்தான் போனா."

அவனுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். வலித்தது.

4

இப்போது பத்து நாளைக்கு முந்தைய கதைக்கு வருகிறேன். கடையில் ஒரு தகப்பன், கோயம்புத்தூர்க்காரர், மகன் டொராண்டோவில் படிப்பதாகவும் அவன் வண்டிக்கு ஏதாவது வாங்கி அனுப்ப வேண்டும் என்றும் வந்தார். எனக்கு ஆளைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. செபரேட்டரை எடுத்து வைத்து வழக்கமான உபதேசத்தை ஆரம்பித்தேன். முன்பக்கம், காற்று படும் இடம், ஆயில் மாற்றும்போது ரெண்டு ஸ்பூன்.

பக்கத்தில் கேஸ்கெட் வாங்க வந்து நின்றிருந்தான் தாரிக். லாகூர்க்காரன், கனடாவில் எட்டு வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு, போன மாதம்தான் எங்கள் தெருவில் ஒரு கராஜில் சேர்ந்தவன். "பாய் சாப், அந்தப் பிள்ளையோட எஞ்சினைக் கொல்லப் போறீங்களா?" என்றான் இந்தியில்.

நான் சீறினேன். "நீ பொறக்குறதுக்கு முன்னாடி இதை வித்தவன் நான்."

"வித்தீங்க, ஆனா எங்க? இங்க. அங்க மைனஸ் முப்பது. எஞ்சின் புகையில ஆயில் மட்டுமா இருக்கு? தண்ணியும் இருக்கு. இங்க சூட்டுல அது ஆவியாவே போயிடும். அங்க இந்த டப்பா தொட்டாலே பனிக்கட்டி. உள்ள வர்ற ஆவி பூராவும் தண்ணியா இறங்கி, ஆயிலோட கலந்து பால் டீ மாதிரி நிக்கும். ஒரு வாரத்துல டப்பா நிறைஞ்சிடும். நீங்க சொல்ற மாதிரி காத்துல வச்சா, ஓடிக்கிட்டு இருக்கும்போதே உறைஞ்சிடும். ஹோஸ் அடைச்சுக்கும். அப்புறம் உள்ள இருக்கிற அழுத்தம் எங்க போகும்? எங்க சீல் பலவீனமா இருக்கோ அங்க பிச்சுக்கிட்டு ஆயில் வெளிய. ஆயில் போச்சுன்னா எஞ்சின் கலாஸ்."

"அப்ப அங்க யாரும் இதை மாட்டுறதே இல்லையா?"

"மாட்டுறாங்க. எஞ்சினை ஒட்டி, சூடு படுற எடத்துல. மேல கம்பளி மாதிரி உறை போட்டு. வாரத்துக்கு ஒரு தடவ, ரொம்பக் குளிர்ந்தா ரெண்டு நாளைக்கு ஒரு தடவ கொட்டிடணும். முடியாதவன் நவம்பர்ல கழட்டி வச்சிட்டு ஏப்ரல்ல மாட்டுவான்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். "என் மகன் அங்கதான் இருக்கான். முன்பக்கம்தான் மாட்டியிருக்கான். ஒரு பிரச்சனையும் இல்ல" என்றேன்.

தாரிக் சிரிக்கவில்லை. மரியாதையாகக் கேட்டான். "கவிழ்த்தா என்ன வருதுன்னு கேட்டீங்களா?"

கேட்டிருக்கிறேன். டிசம்பரில், ஜெய்னம்பு இருக்கும்போது. அப்போதெல்லாம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தோம். இன்னும் திறக்கவில்லை, ஆயில் மாற்றும்போது பார்க்கிறேன் என்றான். நான் சொன்னபடியே நடக்கிற பிள்ளை. அதற்குப் பிறகு செபரேட்டரைப் பற்றி அவன் பேசவே இல்லை. அது மட்டுமில்லை. உம்மா இறந்து ஒரு மாதத்தில் அவன் அந்த வண்டியை மாற்றிவிட்டான். "மரியம் ஸ்கூலுக்குப் பெரிய வண்டி வேணும் வாப்பா" என்றான். பெற்றவள் கபுரில் மண் காயவில்லை, இவனுக்குப் புது வண்டி கேட்கிறதா என்று அதற்கும் ஒரு மாதம் பேசாமல் இருந்தேன்.

ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஏன் மாற்றினான்? கோயம்புத்தூர்க்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். டப்பாவை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன். "வேணாங்க. வேற ஏதாவது வாங்கிக் குடுங்க" என்றேன்.

5

அன்று சாயங்காலம் ஃபர்ஹானாவுக்குப் போன் செய்தேன். அங்கே காலை ஒன்பது மணி, ரியாஸ் வேலைக்குப் போயிருப்பான் என்று கணக்குப் பார்த்துத்தான் செய்தேன். சென்னையில் வளர்ந்த பெண். மாமனாரிடம் பொய் சொல்ல வராது.

"அன்னிக்கு வண்டிக்கு என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"யாரு மாமா சொன்னா?" என்றாள்.

அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது. ஆனாலும் முழுவதும் கேட்டேன். மூன்று மணி நேரப் பயணம்தான், ஆனாலும் விமானத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பியிருக்கிறான். அன்றைக்கு அங்கே மைனஸ் முப்பத்திரண்டு. ஸ்னோ எதுவும் இல்லை, வானம் பளிச்சென்று இருந்ததாம். ஒரு மணி நேரம் ஓட்டியதும் ஆயில் வாடை, சிவப்பு விளக்கு, அப்புறம் எஞ்சினே இறுகி நின்றுவிட்டது. ஆள் நடமாட்டம் இல்லாத நெடுஞ்சாலை. பானெட்டைத் திறந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையால் அந்த ஹோஸைக் கழற்றப் பார்த்திருக்கிறான். உறைந்ததை உடைத்து எடுத்தால் வண்டி கிளம்பிவிடும் என்று நினைத்தானாம். உலோகத்தில் விரல் ஒட்டித் தோல் வந்துவிட்டது. வண்டியை இழுத்துப்போகும் டோ டிரக் வர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. வந்த ஆள் டப்பாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதை யார் இங்கே மாட்டியது என்று திட்டினானாம்.

"ரியாஸ் என்ன சொன்னான்?"

"நான்தான்னு சொன்னாங்களாம் மாமா."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. நீங்க திட்டுறப்பல்லாம் நான் சொல்லிடலாம்னு சொல்வேன். வேணாம்பாங்க. வாப்பா எனக்குன்னு ஆசையா அனுப்புனது, உம்மாவும் இல்லாத வீட்டுல தனியா உக்காந்து இதையும் நெனச்சுக்கிட்டு இருக்கணுமா, என்னைத் திட்டுனா திட்டிட்டுப் போகட்டும்னு சொல்வாங்க."

போனை வைத்துவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் அவனைப் பற்றி என்னென்ன சொல்லியிருக்கிறேன்! அவன் மாமியாரிடம்கூடச் சொன்னேன். எல்லாவற்றையும் அவன் கேள்விப்பட்டிருப்பான். கேள்விப்பட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்திருக்கிறான்.

உங்கள் பிள்ளைகளும் குளிர் தேசங்களில் இருப்பார்கள். நீங்கள் ஊறுகாய் அனுப்புங்கள், துணி அனுப்புங்கள். அவர்கள் "இங்க வேற மாதிரி வாப்பா" என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தையாவது காதில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அது முப்பத்தொரு வருட அனுபவத்தை எதிர்த்துப் பேசுவதாகத் தெரிந்தது. அவன் குளிருகிறது என்றுதான் சொன்னான்.

6

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு ஃபாத்திஹா ஓதினோம். காதர் பிரியாணிக்குச் சொல்லியிருந்தான். ஷார்ஜா ரோலாவிலிருந்து ஊர்க்காரர்கள் பத்துப் பேர் வந்தார்கள். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே, "ரியாஸ் வருஷத்துக்காவது வந்திருக்கலாம்" என்றார். அவருக்கு அந்தப் பேச்சைப் பழக்கியவன் நான். "அவன் மேல தப்பு இல்ல. தப்பு என்னோடது" என்றேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள். நாலு மணிக்கெல்லாம் எல்லாரும் போய்விட்டார்கள்.

ஐந்து மணிக்கு நானே போன் செய்தேன். அங்கே காலை ஏழு மணி. ஒரு வருடத்தில் நானாகச் செய்த முதல் போன். எடுத்ததும், "வாப்பா? உடம்புக்கு என்ன?" என்று பதறினான்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அந்த டப்பா விஷயம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். தாரிக் சொன்னதைச் சொன்னேன். முன்பக்கம் வைக்கச் சொன்னது நான், உன்னை ரோட்டில் நிறுத்தியது நான், ஒரு நாள் காத்திருக்கலாம் என்று காதர் சொன்னதைக் கேட்காமல் அடக்கியதும் நான்தான் என்று சொன்னேன். காதர் சொன்னது அவனுக்கு அதுவரை தெரியாது. "என்னை மன்னிச்சிடு" என்று மகனிடம் கேட்டேன். எங்கள் வம்சத்தில் எந்தத் தகப்பனும் கேட்டிருக்க மாட்டான்.

"விடுங்க வாப்பா" என்றான். "நானும் யோசிச்சு வேற எடத்துல வச்சிருக்கணும். இங்க இருக்கிறவன் நான்தானே."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லி என்ன வாப்பா ஆகப்போவுது? உம்மா திரும்பி வருவாங்களா?"

இரண்டு பேரும் அழுதோம். மனசு கொஞ்சம் இளகியது போல இருந்தது. அந்தத் தைரியத்தில், மிச்சம் இருந்ததையும் இறக்கி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. உம்மா தன்னைத் தேடித் தேடிப் போனாள் என்கிற பாரத்தை ஒரு வருடமாகச் சுமக்கிறான். அதை எடுத்துவிட்டால் அவனுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"இன்னொண்ணும் சொல்லணும். கபுருஸ்தான்ல வச்சு உன்கிட்ட ஒண்ணு சொன்னேன்ல. உம்மா வாசலப் பாத்துக்கிட்டு இருந்தா, உன்னக் கேட்டான்னு. அது பொய். கோவத்துல சொன்னேன். விழுந்ததுக்கு அப்புறம் அவளுக்கு நினைவே வரல. உனக்காகக் காத்துக்கிட்டு எல்லாம் இல்ல. அவ கஷ்டப்படல. நீ அதை மனசுல வச்சுக்காத."

மரியம் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய பூட்ஸ் எங்கே என்று ஃபர்ஹானா கேட்பது தூரத்தில் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"மூணு தடவ கேட்டாங்கன்னு சொன்னீங்களே வாப்பா" என்றான்.



"நான் தினமும் அதை நெனச்சுப்பேன் வாப்பா. வண்டில போகும்போதெல்லாம். கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா என்னைத்தான் கேட்டாங்கன்னு..." நிறுத்திவிட்டான். பிறகு, சின்னப் பிள்ளையில் கடையில் எதையாவது கேட்டுவிட்டு, கிடைக்காது என்று தெரிந்தும் இன்னொரு முறை கேட்பானே, அந்தக் குரலில் கேட்டான்.

"ஒரு தடவகூடக் கேக்கலையா?"

இன்னொரு பொய் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் அவகாசம் இருந்தது. "இல்ல ரியாஸ்" என்றேன்.